ஒரு நாளைக்கு மூன்றடி

ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவில் வானிலை அறிக்கை வந்ததும் ஊருக்கே கொண்டாட்டமாகிவிட்டது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் அடுத்த சனிக்கிழமை வரை மழை கிடையாது, பகலில் மிதமான வெயில், காற்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாத காற்று. அதற்கப்புறம் மழையும் குளிரும். குளிர்காலத்தின் நட்டநடுவில் இப்படி ஒரு வாரம் கிடைத்தால் யார் விடுவார்கள்? கம்பளிகளை வெயிலில் போடலாம், பிள்ளைகளை வெளியே துரத்தலாம், முட்டிவலிக்காரர்கள் முட்டியை மறந்து கடைத்தெரு வரை போய் வரலாம். துணி வெட்டும் அக்கா மட்டும் ரேடியோவை நிறுத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

ஆயத்த ஆடை ஆலையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மேஸ்திரிகூட அப்படித்தான். ஆனால் அந்தப் பெயருக்கு உண்மையான சொந்தக்காரன் ஒருவன்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் தம்பி. அவனோடு அவள் பேசி மூன்று வாரம் ஆகிறது.

விஷயம் இதுதான். அப்பா பாகம் பிரித்தபோது வீடும் கொல்லையும் அவளுக்கு, பக்கத்துக் காலி மனை தம்பிக்கு. காலி மனையில் மாலை வரை வெயில் நிற்கும். அதனால் அவளுடைய ஆறு தேனீப் பெட்டிகளும் ஆறு வருஷமாக அங்கேதான் இருந்தன. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. தம்பி மனையில் அக்கா பெட்டி இருந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் இரண்டு பேர் வந்து எல்லையில் முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டினார்கள். என்ன ஏது என்று கேட்டதற்கு, "மனை கைமாறிடுச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஒருவர். கூடப் பிறந்தவன் விற்றதை முளை அடிக்கிறவர் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த நிமிஷத்தை அவள் மறப்பதாக இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட இயந்திரம் வருகிறது. பெட்டிகள் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். அவள் டேப்பைப் பிடித்து இரண்டு தடவை அளந்தாள். இருபத்தோரு அடி.

இவ்வளவுதானா, இரண்டு ஆள் பிடித்துத் தூக்கி வைத்தால் முடிந்தது என்று சொல்பவர்களுக்குத் தேனீயைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேனீ பெட்டியை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இடத்தைத்தான் வைத்துக்கொள்கிறது. பெட்டியை மூன்றடி நகர்த்தினால் கொஞ்சம் தடுமாறிவிட்டுக் கண்டுபிடித்துவிடும். இருபதடி நகர்த்தினால் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது. பழைய இடத்துக்கே வந்து வெறும் தரையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, சாயங்காலக் குளிரில் விறைத்து விழும். நாலைந்து மைல் தள்ளிக் கொண்டுபோனால் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொள்ளும்தான். ஆனால் அவ்வளவு தூரத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? மிச்சமிருந்த வழி ஒன்றுதான். கடுங்குளிர் வந்து ஒரு வாரமாவது பெட்டியை விட்டு வெளியே வராமல் கிடந்தால் பழைய இடம் மறந்துபோகும், அப்போது ஒரே தூக்காகத் தூக்கிவிடலாம். அதை நம்பித்தான் அவள் மூன்று வாரமாகக் குளிருக்குக் காத்திருந்தாள். ரேடியோ அதில் மண்ணைப் போட்டுவிட்டது.

டேப்பைச் சுருட்டியபடி அவள் கொஞ்ச நேரம் நின்றாள். மத்தியானம் வெயில் ஏற ஏறப் பெட்டி வாசல்களில் தேனீக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இனி தினமும் பறக்கும். சரி, பறக்கட்டும், பறந்தால்தான் புது இடம் பதியும். பறக்கிற நாளெல்லாம் மூன்றடி. இன்றைக்குச் சாயங்காலம் தொடங்கினால் சனிக்கிழமை சாயங்காலம் ஏழாவது தடவை. ஏழு மூன்று இருபத்தொன்று. கணக்கு கச்சிதமாக வந்தது. ஒரு நாள் தவறினாலும் எல்லாம் போச்சு என்கிற அளவுக்குக் கச்சிதம்.

பகல் முழுக்க யாரோ போடப்போகிற சட்டைக்குத் துணி வெட்டுகிறவள் அவள். தனக்கென்று அவள் வளர்த்தது இந்த ஆறு பெட்டிகளைத்தான். ஒரு பெட்டியில் தொடங்கி ஆறாக்கியிருக்கிறாள். இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவளால் முடியாது.

ஆனால் ஒரு பெட்டியைக் குலுக்காமல் சாய்க்காமல் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவள் புருஷனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். தண்ணீர் வாளியைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார். கொல்லைப்பக்க ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் சகலத்துக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தாள். தேனீ என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, இன்னொருவருக்கு அவசரமாகக் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

கடைசியில் அவள் தம்பிக்குப் போன் போட்டாள். மூன்று வாரத்துக்கப்புறம் முதல் பேச்சு.

"நீதானே வித்தே? நீயே வந்து தூக்கு. அஞ்சரை மணிக்கு."

"அக்கா, எனக்குத் தேனீன்னா..."

"தெரியும். அஞ்சரை மணிக்கு."

தம்பி வந்தான். தலையில் பைக் ஹெல்மெட், கையில் உறை, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மழைக்கோட்டு. வானத்தில் பஞ்சுத்துணுக்கு அளவு மேகம் கிடையாது. தெருக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மாப்ளே, ரேடியோவுல மழை இல்லன்னு சொன்னாங்களே, உங்களுக்கு மட்டும் தனியா அறிக்கை வந்துச்சா?" என்றார் ஜன்னல்காரர்.

"அத்தான், நீங்க ஆபரேஷன் ஆனவர். சிரிச்சா தையல் பிரிஞ்சுடும்" என்றான் தம்பி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

அக்கா சிரிக்கவில்லை. ஆலையில் வெட்டி மிஞ்சிய துணியைக் கிழித்துப் பெட்டி வாசல்களை அடைத்தாள். "சாய்க்காதே. குலுக்காதே. நான் சொன்னா எடு, நான் சொன்னா வை." ஆறு பெட்டிகள், மூன்று மூன்றடி. வைத்ததும் துணியை உருவினாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. தம்பி போய்விட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தாள். வெளியே போன தேனீக்கள் முதலில் பழைய இடத்துக்குத்தான் வந்தன. அங்கே ஒன்றும் இல்லாததால் குழம்பி, ஒரு வட்டம் அடித்து, மூன்றடி பின்னால் இருந்த வாசலைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போயின. அவளுக்குப் போன மூச்சு வந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. வெயில் பொன்னாகக் காய்ந்தது, புகை நேரே மேலே போனது, தூரத்து மலையில் மரத்தை எண்ணலாம் போலிருந்தது. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் வெயிலைப் பற்றித்தான் பேசினார்கள். அவள் தினமும் விடிந்ததும் வானத்தைப் பார்த்தாள், ஏதோ வானம் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிடும் என்பதுபோல.

தம்பிக்கும் கை பழகிவிட்டது. கண்ணாடிச் சட்டத்தின் கடுகளவு திருகாணியை நாள் முழுக்க முடுக்குகிற கைகள் அல்லவா, பெட்டியைத் தரையில் வைத்தால் சத்தமே கேட்காது. செவ்வாய்க்கிழமை கையுறையைக் கழற்றினான். ஹெல்மெட்டையும் மழைக்கோட்டையும் மட்டும் விடவில்லை.

புதன்கிழமை ஆறாவது பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் கேட்டேவிட்டாள்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "சொன்னா நீ என்ன சொல்லியிருப்பே?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான். நீ வேண்டாம்னு சொன்னா என்னால வித்திருக்க முடியாது. சின்ன வயசுலேர்ந்து எதையாவது நீ வேண்டாம்னு சொல்லி நான் செஞ்சிருக்கேனா? எம் பொண்ணு பட்டணத்துல ரெட்டைப் பிள்ளையை வெச்சுக்கிட்டு ஒத்தையா அல்லாடுறா. என் வீட்டுக்காரி தினமும் அழறா. போயாகணும்க்கா. கடையையும் மூடப்போறேன்."

கடையை மூடப்போவது அவளுக்குப் புதுச் செய்தி. மனை போனதுதான் அவளுக்குத் தெரியும். தம்பியே போகிறான் என்று யாரும் சொல்லவில்லை. கோபம் வந்த வேகத்திலேயே எங்கேயோ இறங்கிப்போய், அந்த இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்தது. டேப்பைச் சுருட்டினாள்.

"பன்னெண்டு அடி ஆச்சு. இன்னும் ஒம்பது" என்றாள்.

வியாழக்கிழமை ஆலையில் அவசர ஆர்டர். வேலை முடிய நேரமாகும் என்று தெரிந்ததும் புருஷனுக்குப் போன் பண்ணினாள். தம்பியோடு கூடப் பிடிக்க, அவன் கடைக்குப் பக்கத்துப் பூட்டு ரிப்பேர்காரரை அழைத்துக்கொள்ளச் சொன்னாள். "வழக்கம்போல" என்று சொன்னாள். மூன்றடி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதையும் சொல்ல வேண்டுமா என்ன? வேண்டும்தான். இருட்டி வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, "எல்லாம் அமர்க்களமா முடிஞ்சுது, நீ சாப்பிட்டுப் படு" என்றார் புருஷன். அவர் முகத்தில் ஏதோ பரிசு கொடுக்கப்போகிறவரின் களை. அவளுக்கு அதைக் கவனிக்கத் தெம்பில்லை. மறுநாள் விடியுமுன்னே மறுபடி ஆலைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குப் போன் வந்தது.

"ஒண்ணுமில்ல, பதறாதே" என்று தொடங்கினார் புருஷன். பதறுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "தேனீ எல்லாம் பழைய இடத்துல தரையில உக்காந்திருக்கு. கொத்துக் கொத்தா."

"பழைய இடம்னா? பெட்டி எங்க இருக்கு?"

ஜன்னல்காரர் வாழ்க்கையில் முதல்தடவையாக வார்த்தை தேடினார். "எல்லைக்கு இந்தப் பக்கம். நேத்தே முழுசா கொண்டுவந்து வெச்சுட்டோம். நாலு நாள்ல அதுங்க பழகிடுச்சேன்னு... நீ பார்த்துச் சந்தோஷப்படுவேன்னு... நான்தான் மாப்பிள்ளைகிட்ட சொன்னேன்."

அவள் கத்திரியை அப்படியே துணிமேல் போட்டாள். "அவனை இப்பவே வரச்சொல்லுங்க" என்றாள். ஆலையிலிருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷ நடை. அன்றைக்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. வழியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த யாரோ, "என்ன அருமையான நாள், இல்லையா?" என்றார்கள். அவள் பதில் சொல்லாததை இன்றைக்கும் குறையாகச் சொல்கிறார்களாம்.

நேரே கொல்லைப்பக்கம் ஓடினாள். புதன்கிழமை பெட்டிகள் இருந்த இடத்தில் ஆறு பொட்டல்கள். ஒவ்வொன்றின் மேலும் தேனீக்கள் சுற்றிச் சுற்றிப் பறந்தன. களைத்தவை தரையில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கைக்குட்டை அகலத்துக்குக் கொத்தாகக் கிடந்தன. ஒன்பதடி தூரத்தில் பெட்டிகள் வரிசை குலையாமல் அழகாக நின்றன. அங்கே ஒரு தேனீகூடப் போகவில்லை. சூரியன் மலையைத் தொட இன்னும் இரண்டரை மணி நேரம். அதற்குப் பிறகு குளிர் இறங்கும்.

தம்பி கடையிலிருந்து ஓடிவந்தான். சட்டைப்பையில் சின்னத் திருப்புளி, சுருட்டிய முழுக்கை. ஹெல்மெட் இல்லை, மழைக்கோட்டு இல்லை. தரையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... நல்லது பண்றதா நெனச்சு..."

"அப்புறம் அழு. இப்ப தூக்கு."

"இப்பவா? பறந்துட்டிருக்கே! இருட்டட்டும்..."

"இருட்டினா இதுல பாதி செத்துடும். இப்பவே."

அவன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். வாசலை அடைக்க முடியாது. வெளியே இருப்பவை உள்ளே போக வேண்டுமே. திறந்த பெட்டியைச் சுமந்துகொண்டு, பறக்கிற கூட்டத்துக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். அவன் பழைய பொட்டலை நோக்கிப் போனான்.

"அங்க இல்ல!" என்றாள் அவள். "ஆறடி மட்டும். இங்கேயே. பதினஞ்சுல வை."

"புதன்கிழமை இடத்துலேர்ந்து மூணடி தள்ளியா?"

"ஆமா. நேத்து எங்க இருந்திருக்கணுமோ அங்க. ஒரு நாளைக்கூட விட மாட்டேன்."

இரண்டாவது பெட்டியில் அவனுக்கு மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. மூன்றாவதில் காதுக்குப் பின்னால். நாலாவதைப் பாதி வழி கொண்டுவந்தபோது ஒன்று அவன் இடது இமைமேல் வந்து உட்கார்ந்தது. இரண்டு கையிலும் பெட்டி.

"அக்கா... கண்ணுல..."

"அசையாதே. ஊதாதே."

"கீழ வெச்சுடட்டுமா?"

"இன்னும் ரெண்டு எட்டு."

அது கொட்டியது. அவன் வாயிலிருந்து வந்த சத்தம் சொல்லும் அல்ல, அழுகையும் அல்ல. ஆனால் பெட்டி ஒரு விரல்கடை சாயவில்லை. இரண்டு எட்டு நடந்து, சத்தம் வராமல் தரையில் வைத்துவிட்டுத்தான் கண்ணைப் பொத்தினான். அவள் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தாள். சின்ன வயதில் முள் எடுத்துவிட்ட அதே விரல்தான். அவன் இன்னொரு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு இருக்கு, வா" என்றான்.

மூன்று வாரமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை எங்கே இறக்கி வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு தரையில் கிடந்த கொத்துகளை அட்டையில் ஏந்தி அந்தந்த வாசலில் விட்டார்கள். முதலில் ஒன்று உள்ளே நடந்தது, பின்னால் பத்து, அதன் பின்னால் சாரை சாரையாக. பறந்துகொண்டிருந்தவையும் மூன்றடி தூரத்தில் வாசல்களைக் கண்டுகொண்டு இறங்கின. மூன்றரை மணிக்குத் தரையில் அசையாமல் கிடந்தவை மட்டும்தான் மிச்சம். இருநூறு, முந்நூறு இருக்கும். அவள் அவற்றைப் பெருக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடி தூக்க வேண்டும். இரண்டு மணி நேரம் மட்டும் பறந்த தேனீக்கு இடம் பதிந்திருக்குமா? அவளுக்கே சந்தேகம்தான். ஆனால் ஒரு நாள் விட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் மூன்றடி நின்றுபோகும், ஞாயிற்றுக்கிழமை மழை, திங்கட்கிழமை இயந்திரம். "எடு" என்றாள். பதினெட்டு. தம்பியின் கண் அதற்குள் கொழுக்கட்டையாக வீங்கி மூடிவிட்டது. ஒற்றைக் கண்ணால் தூரம் பார்த்து வைத்தான். அப்போதும் சத்தம் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவள் ஆலைக்குப் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு முதல் தேனீ வெளியே வந்தது. அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். போனது திரும்பியது, பழைய இடத்தில் ஒரு வட்டம், இரண்டு வட்டம், மூன்றாவது வட்டம். போய்விடுமோ என்று அவள் எழுந்தேவிட்டாள். நாலாவது வட்டத்தில் இறங்கி உள்ளே போனது. பின்னாலேயே இன்னொன்று. அவள் ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் வாய் அப்போதுதான் திறந்தது. "நான் அப்பவே சொன்னேன்!" என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை ஆறாவது பெட்டியை வைத்ததும் அவள் டேப் பிடித்தாள். சிவப்புத் துணிக்கு நாலு விரல் இந்தப் பக்கம். இருபத்தோரு அடி. மேற்கே மலைமேல் மேகம் திரண்டுகொண்டிருந்தது. இருவரும் கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்தார்கள்.

"எப்ப கிளம்பறீங்க?" என்று கேட்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை லாரி வருது. வீட்டுச் சாமான், கடைச் சாமான் எல்லாத்தையும் ஏத்தி ஒரே நடையில போயிடலாம்னு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். அக்கா பெட்டிகளைப் பார்க்காமல் வெள்ளிக்கிழமைப் பொட்டல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே நடையில போகாதேடா" என்றாள். "என்னால தாங்க முடியாது. போகணும்தான், போ. ஆனா முதல்ல வாரா வாரம் வா. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை வா. எனக்குப் பழகினப்புறம் தூரமா போ."

தம்பி தலையை ஆட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மத்தியானத்திலிருந்து மழை. பெட்டி வாசலில் ஒரு தேனீயும் தலைகாட்டவில்லை, எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வாசற்கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஹெல்மெட், மழைக்கோட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தம்பி.

"மாப்ளேக்கு இன்னிக்குத்தான் சரியான அறிக்கை வந்திருக்கு!" என்றார் ஜன்னல்.

"என்னடா, இன்னிக்குத் தூக்க ஒண்ணும் இல்லையே?" என்றாள் அக்கா.

"தெரியும்" என்றான் தம்பி. "வாரா வாரம்னு சொன்னியே. இது முதல் வாரம்."